எபினேயில் கருட தரிசனம்

கழுத்து பிடித்துக்கொண்டது, வாரங்களாகியும் விடவில்லை. இடப்பக்கம் பார்க்க வேண்டுமென்றால் முழு உடம்பையும் திருப்ப வேண்டியிருக்கிறது. மெட்ரோவில் பக்கத்து சீட்டுக்காரரின் பத்திரிகையை ஓசியில் படிக்கும் சுகம்கூடப் போய்விட்டது.

டாக்டர் கேட்டார்: “என்ன வேலை செய்கிறீர்கள்?”

“எழுதுகிறேன்.”

“குனிந்தே இருந்தால் இப்படித்தான் வரும்.”

“இது நிமிர்ந்ததால் வந்தது டாக்டர். வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்... ஒரு கழுகுக்காக.”

“பாரிஸிலா?”

அதற்கு மேல் நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. களிம்பு ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டு, “இரவில் தூக்கம் ஒழுங்காக வருகிறதா?” என்று மட்டும் அக்கறையாக விசாரித்தார்.

டாக்டரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என் தூக்கத்தைப் பற்றி விசாரிக்க மாட்டீர்கள் என்ற தைரியம்தான்.

என் பக்கத்து அறையில் யோகன் என்று ஒரு பிள்ளை இருக்கிறான். ஒரு பிரெஞ்சு ரெஸ்டாரண்ட் சமையலறையில் வேலை. தங்கமான பையன். வெங்காயம் வெட்டி வெட்டி, துக்கம் வந்தாலும் வராவிட்டாலும் கண் கலங்கியே இருக்கும். இந்த மார்கழியில் உண்மையாகவே கலங்கியிருந்தது.

காரணம் வதனி. பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலுக்குப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் டைப் அடிக்கிற பெண். இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. சாதகமும் பொருந்திவிட்டது. வதனியின் அப்பா அம்பலவாணரும் ‘பெடியன் நல்லவன்தான்’ என்று சொல்லிவிட்டார். பிறகென்ன, தாலிதானே என்கிறீர்களா? அதுதான் இல்லை.

எங்கள் யாழ்ப்பாணத்து வழக்கத்தில் தாலிக்குப் பொன் உருக்குவதே ஒரு தனிச் சடங்கு. பொன்னுருக்கல் என்போம். நாள் பார்த்து, நேரம் பார்த்து, ஆசாரியைக் கூப்பிட்டு, சொந்தபந்தம் சூழ நடக்கும். அம்பலவாணர் குடும்பத்தில் அதற்கும் முன்னால் ஒன்று உண்டாம். பெண்ணின் தகப்பன் கருடனைக் கண்ணால் காண வேண்டும். அவருடைய தகப்பனார் கண்டார். தாத்தா கண்டார். கருடனைக் காணாமல் பொன்னுருக்க நாள் குறிப்பதில்லை.

“மூத்தவளுக்கு லண்டனிலை அவசரமாச் செய்துபோட்டம். கருடனைப் பாக்கேல்லை. இப்ப என்ன நடக்குது?” என்று கேட்டார் என்னிடம்.

“என்ன அண்ணை, ஏதும் பிரச்சினையோ?”

“மருமகன் எனக்கு ஒருநாளும் டெலிபோன் எடுக்கிறேல்லை ஐசே!”

நான் தேநீரைக் குடித்தேன்.

அம்பலவாணர் ஊரில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து பென்ஷன் எடுத்தவர். சிக்னல் விழாமல் ரயிலை விட்டுப் பழக்கமில்லை. கலியாணத்துக்கும் அதே சட்டம்தான்.

பாரிஸில் கருடனுக்கு எங்கே போவது? இங்கே தலைநிமிர்ந்தால் மேம்பால மெட்ரோ. அதன் கீழே புறாக்கள். ‘புறாவை வைத்துச் சமாளிக்கலாமா’ என்று யோகன் ஒருமுறை கேட்டுப் பார்த்தானாம். ‘புறா தூதுக்குத்தான் தம்பி, சகுனத்துக்கில்லை’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

இந்த நேரத்தில்தான் சுவிஸிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பெரிய உத்தியோகமில்லை, பெரிய அழகனுமில்லை. ஆனால் தரகர் கெட்டிக்காரர். டெலிபோனில் போகிற போக்கில் ஒரு வார்த்தை விட்டாராம்: “பெடியன்ரை வீட்டு பல்கனியிலை நிண்டு பாத்தால் மலை தெரியும் ஐயா. மலைக்கு மேலை கழுகு வட்டம் போடும்.”

அம்பலவாணர் அசந்துவிட்டார். பொங்கலுக்குள் முடிவு சொல்வதாக வாக்கும் கொடுத்துவிட்டார்.

வதனி சும்மா இருக்கவில்லை. “கழுகைப் பாத்து ஆசைப்படுறது நீங்கள்தானே அப்பா. அப்ப நீங்களே போய் அந்தச் சுவிஸ்காரனுக்குக் கழுத்தை நீட்டுங்கோ” என்று சொல்லிவிட்டு அலுவலகம் போய்விட்டாள். அப்பா மசியவில்லை. சகுனம் சகுனம்தான்.

ஆக, யோகனுக்கு இருந்த வழி ஒன்றே ஒன்று. பொங்கலுக்குள் பாரிஸில் ஒரு கருடனைக் காட்ட வேண்டும்!

தெய்வம் பாண்டிச்சேரிக்காரர் உருவில் வந்தது. யோகனோடு வேலை செய்கிற அந்துவான். பாரிஸுக்கு வெளியே, எபினேயில் செய்ன் நதிக்கு அருகே வீடு. “தலை பளிச்சுனு வெள்ளைப்பா. உடம்பு காப்பிக்கொட்டை கலரு. எம்மாம் பெருசு தெரியுமா! ஞாயித்துக்கிழமை காலையில ஆத்து மேல சுத்துது. மெர்சி மாதாவேன்னு கும்புட்டுட்டு வந்துட்டேன்” என்றாராம்.

வெள்ளைத் தலை. செம்பழுப்பு உடம்பு. நம் ஊர்க் கருடனுக்கு இதைவிட வேறென்ன அடையாளம்?

யோகன் என் கதவைத் தட்டினான். “அண்ணை, நீங்களும் வரவேணும். உங்களுக்குத்தான் பறவையளைப் பற்றி எல்லாம் தெரியும்.”

எனக்கா? தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு நினைவிருக்கும். என் ஜன்னலில் எச்சமிடும் புறாக்களைத் திட்டி வாராவாரம் எழுதும் இதே பத்தியில் ஒருமுறை எழுதியிருந்தேன். அன்றிலிருந்து லா சப்பலில் நான் பறவை நிபுணன். ஒருவர் தன் கிளி பேசவில்லை என்று என்னிடம் கொண்டுவந்து காட்டினார். தமிழன் எதைத் திட்டுகிறானோ அதில் அவன் நிபுணன் என்பது நம்மிடையே உள்ள பொது நம்பிக்கை.

அம்பலவாணரும் சம்மதித்தார். ஒரு நிபந்தனையோடு. “எழுத்தாளர் சாட்சியா வரட்டும். நாளைக்கு ஒருத்தரும் ஒரு கதை கதைக்கக் கூடாது.”

அப்படித்தான் ஒரு மார்கழி ஞாயிறு காலையில் மூன்று ஆண்பிள்ளைகள் ரயிலேறிக் கருடன் பார்க்கப் போனோம். நல்ல குளிர். வாயைத் திறந்தால் புகை. அம்பலவாணர் காதை மூடும் மங்கிக் குல்லாய், மூன்று ஸ்வெட்டர், மகள் வாங்கிக் கொடுத்த தடித்த தோல் கையுறை, நெற்றி நிறைய விபூதி என்று வந்து நின்றார். கோட்டுப் பைகள் இரண்டும் புடைத்திருந்தன. கைக்குட்டையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ரயிலில் விரதத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தார். “திருவெம்பாவை முடியுமட்டும் எங்கடை வீட்டிலை மச்சம் மாமிசம் இல்லை. முட்டை போட்ட கேக்கும் தொடமாட்டன். இப்பத்தைப் பெடியளுக்கு நாக்கு அடங்காது.” யோகன் தலையைக் குனிந்துகொண்டான். ரெஸ்டாரண்டில் அவன் முதல்நாள் வெட்டியது முழுக்க மாட்டிறைச்சி.

நதிக்கரைக்கு வந்தோம். இலையில்லாத மரங்கள், தண்ணீர் மேல் பனிமூட்டம், நடுவே மெதுவாகப் போகிற ஒரு சரக்குப் படகு. பறவைகளுக்குக் குறைவில்லை. கருடனைத் தவிர எல்லாம் இருந்தன.

முதலில் கடற்பறவைக் கூட்டம் ஒன்று. யோகன் உற்சாகமாகக் கையைக் காட்டினான். “ஐயா, வெள்ளைத் தலை!”

“தலை மட்டுமெல்லோ வெள்ளையா இருக்கவேணும்? இது முழுக்க வெள்ளை. கருடன் உப்பிடிச் சந்தையிலை நிண்டு கத்துறமாதிரிக் கத்தாது.”

ஒரு மரக்குற்றி மேல் கறுப்பாக ஒன்று சிறகை விரித்துக்கொண்டு நின்றது. துவைத்துக் காயப்போட்ட கோட்டுப் போல. “கம்பீரமா இருக்கு ஐயா” என்றான் யோகன்.

அம்பலவாணர் நிபுணரைப் பார்த்தார். நிபுணர் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். “அது நீர்க்காகம் அண்ணை” என்றேன்.

“காகமோ? சனீஸ்வரன்ரை வாகனம்! ஏழரைச் சனியைக் கூட்டிக்கொண்டு வந்து மணவறையிலை இருத்தப் போறீரோ தம்பி?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். சும்மா வெயில் காய வந்த அந்தப் பறவை என்ன பாவம் செய்தது?

அடுத்து நாமக்கோழி. கறுத்த உடம்பு, நெற்றியில் வெள்ளைப் பட்டை. “பெருமாள் கட்சி ஐயா. கருடனுக்குத் தெரிஞ்ச ஆளா இருக்கும்” என்று யோகன் ஒரு முயற்சி செய்தான். “கருடனைக் காட்டு எண்டால் கோழியைக் காட்டுறான்” என்று அவர் என்னிடம் முறையிட்டார்.

பிறகு இரண்டு அன்னங்கள். உள்ளபடியே அழகு. கழுத்தை வளைத்துக்கொண்டு ஜோடியாக மிதந்து வந்தன. எனக்கே மனம் இளகிவிட்டது. “சரஸ்வதியின்ரை வாகனம் ஐயா. அதுவும் சோடியா...” என்றான் யோகன்.

அம்பலவாணர் நன்றாக யோசித்தார். “சோதினை எழுதப் போறதெண்டால் பாக்கலாம். கலியாணத்துக்குச் சரிவராது.”

கரையோரம் ஒரு நாரை ஒற்றைக்காலில் அசையாமல் நின்றது. அதைக் காட்ட யோகன் கையைத் தூக்கவில்லை. சும்மா பார்த்துப் பெருமூச்சு விட்டான். அதுவும் யாருக்காகவோ காத்துக்கொண்டிருக்கிறது போலிருக்கிறது.

நேரம் போயிற்று. கால்விரல்கள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை. வானத்தைப் பார்த்துப் பார்த்து என் கழுத்து அப்போதே முறுகத் தொடங்கிவிட்டது. அம்பலவாணரும் சோர்ந்துவிட்டார். “சுவிஸ்காரருக்கே சொல்லிவிடுவம்போலை கிடக்கு. நீங்கள் பாத்துக்கொண்டு நில்லுங்கோ. நான் ஒருக்கால் அந்தப் பக்கம் போட்டு வாறன்” என்று ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் போனார். குளிரில் பெரியவர்களுக்கு அடிக்கடி வரும்தானே என்று நாங்களும் மரியாதையாகத் திரும்பிக்கொண்டோம்.

யோகன் ஆற்றைப் பார்த்தபடி சொன்னான்: “அண்ணை, அந்தாள் சொன்னால் சொன்னதுதான். வதனி அப்பாவை விட்டிட்டு வரமாட்டாள். நானும் வாவெண்டு கேக்கமாட்டன். இண்டைக்கு வராட்டி... அவ்வளவுதான்.”

நிபுணன் மறுபடியும் வானத்தைப் பார்த்தான்.

அப்போதுதான் வந்தது!

பனிமூட்டத்தைக் கிழித்துக்கொண்டு, ஆற்றின் அக்கரையிலிருந்து. அம்மாடி, எவ்வளவு பெரிய சிறகு! பால்போல் வெள்ளைத் தலை. மஞ்சள் அலகு. கபில நிற உடம்பு. சிறகை அசைக்காமல் எங்கள் தலைக்கு மேல் ஒரு வட்டம் போட்டது. நான் பகுத்தறிவு பேசுகிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் கை என்னைக் கேட்காமலே கன்னத்தில் போட்டுக்கொண்டது. உடம்பெல்லாம் புல்லரித்தது. அதில் குளிருக்குக் கொஞ்சம் பங்கு உண்டு. முழுப் பங்கும் குளிருக்கில்லை.

“ஐயா! கருடன்! ஓடிவாங்கோ ஐயா!” என்று யோகன் கத்தினான்.

மரத்துக்குப் பின்னாலிருந்து பதில் இல்லை.

“அண்ணை! போகப் போகுது, கெதியா வாங்கோ!”

பதில் இல்லை. கருடனுக்கோ அவசரம் வந்துவிட்டது. ஒரு பக்கமாகச் சரிந்தது. காலை நீட்டியது. நேராக... அந்த மரத்தை நோக்கியே இறங்கியது!

“முருகா!” என்று ஓர் அலறல்.

ஓடினோம். அம்பலவாணர் உறைந்த சேற்றில் உட்கார்ந்திருந்தார். குல்லாய் ஒரு காதில் தொங்கியது. கையுறை போட்ட வலது கை இன்னும் உயர்ந்தபடி இருந்தது. இரண்டு கன்னங்களும் உப்பியிருந்தன. உதடெல்லாம் ரஸ்க் தூள். நாலு அடி தள்ளிப் புல்லில் கருடன் நின்றது. அதன் காலடியில் பாதி கடித்த ரோல்ஸ் ஒன்று.

ரோல்ஸ் தெரியும்தானே? இறைச்சியும் கிழங்கும் வைத்துச் சுருட்டி, ரஸ்க் தூளில் பிரட்டிப் பொரித்தது. லா சப்பலில் புதிதாகத் திறந்த தேநீர்க்கடையில் கிடைக்கும். ஆட்டிறைச்சி ரோல்ஸ். மணம் வந்து மூக்கில் மோதியது. திருவெம்பாவை முடியுமட்டும் மச்சம் இல்லை என்றவரின் கோட்டுப் பை புடைத்திருந்தது கைக்குட்டையால் அல்ல.

அவரால் பேச முடியாது. வாய் நிறைய ரோல்ஸ். எங்களால் பேச முடியாது, சிரிப்பு வந்துவிடும். கருடன் மட்டும் நிதானமாகக் கொத்திச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

அப்போது விசில் ஊதிக்கொண்டு ஒருவர் ஓடிவந்தார். முறுக்கு மீசை, ஒரு கையில் தோல் கையுறை, அதில் செத்த கோழிக்குஞ்சு ஒன்று. குளிர்காலத்துக்குக் கூடாரத்தைச் சுருட்டிவைத்துவிட்டு ஆற்றோரம் தங்கியிருக்கும் ஒரு சின்ன சர்க்கஸின் சொந்தக்காரராம். பறவை அமெரிக்காவின் வெள்ளைத் தலைக் கழுகாம்; பெயர் துஷேஸ், அதாவது சீமாட்டி. உடம்பு கனத்துவிடாமலிருக்க ஞாயிறு காலைகளில் பறக்க விடுகிறாராம். தோல் கையுறை போட்ட கை உயர்ந்து, அதில் இறைச்சி தெரிந்தால் இறங்கிவந்து எடுக்க வேண்டும். சீமாட்டிக்கு அவர் சொல்லிக்கொடுத்திருந்த பாடமே அதுதான். அம்பலவாணர், தெரியாமல், அச்சொட்டாக அதையே செய்திருந்தார்.

மனிதர் கோழிக்குஞ்சைத் தூக்கிக் காட்டினார். விசிலடித்தார். சீமாட்டி திரும்பியும் பார்க்கவில்லை. ரோல்ஸை முடித்துவிட்டு, அம்பலவாணரின் அடுத்த பையை உற்றுப் பார்த்தபடி ஒரு எட்டு முன்னால் வைத்தாள். அமெரிக்கக் கழுகுக்கு யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் பிடித்துவிட்டது.

மீசைக்காரருக்கு வந்ததே கோபம்! “என்ன இறைச்சி கொடுத்தீர்கள்? யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்? இனி நான் போடுவதை இவள் தொடுவாளா?” என்று பிரெஞ்சில் பொரிந்து தள்ளினார்.

அம்பலவாணர் ஒருவழியாக விழுங்கிமுடித்தார். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. யோகனைப் பார்த்து, மெல்லிய குரலில், “என்னவாம்?” என்றார்.

யோசித்துப் பாருங்கள். யோகனின் கையில் என்ன வசதி! விரதக்காரரின் குடுமி முழுதாகச் சிக்கியிருக்கிறது. ‘வதனியிடம் சொல்லட்டுமா’ என்று ஒரு வார்த்தை போதும். நானாக இருந்தால் அங்கேயே, சேற்றிலேயே வைத்து நாள் குறித்திருப்பேன்.

யோகன் அவரைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டான். முழங்காலில் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டினான். குல்லாயை நேராக்கினான்.

“ஒண்டுமில்லை ஐயா. உது ஒருத்தற்றை கையிலையும் இப்பிடி வந்து வாங்கிச் சாப்பிடுறேல்லையாம். நீங்கள் நல்ல ராசிக்காரராம்.” பிறகு ஒரு கணம் நிறுத்தி, “கிழங்கு ரோல்ஸ் சாப்பிட்டதும் இதுதான் முதல்தரமாம்” என்றான்.

கிழங்கு ரோல்ஸ்! இறைச்சி மணம் காற்றில் நிற்கிறது. ஆனால் அவன் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அம்பலவாணர் அவனை வெகுநேரம் பார்த்தார். “ஓம்... கிழங்குதான்” என்றார், குரல் இறங்கி.

இங்கே நான் ஒரு காரியம் செய்தேன். சாட்சி என்றால் உண்மை சொல்ல வேண்டாமா? “அண்ணை, ஒரு விசயம். உது எங்கடை கருடன் இல்லை. அமெரிக்கக் கழுகு. சர்க்கஸிலை வேலை செய்யுது” என்றேன்.

யோகனின் முகம் செத்துப்போயிற்று. அவன் என்னைப் பார்த்த பார்வையில் நான் அந்த ஆற்றிலேயே குதித்திருக்கலாம்.

அம்பலவாணர் கழுகைப் பார்த்தார். காலில் கட்டியிருந்த தோல் வாரைப் பார்த்தார். மீசைக்காரரின் கிழிந்த கோட்டைப் பார்த்தார்.

“அமெரிக்காவிலையிருந்து வந்தால் என்ன ஐசே? நாங்கள் மட்டும் இஞ்சையே பிறந்து வளந்தனாங்களோ? வந்த இடத்திலை கிடைச்ச வேலையைச் செய்யுது, பாவம்.” இரண்டு கைகளையும் கூப்பி, கண்ணை மூடி, சீமாட்டியை ஒரு கும்பிடு போட்டார். “கருடன்தான். கண்டாச்சு.”

மீசைக்காரர் தன்னைத்தான் கும்பிடுகிறார் என்று நினைத்துச் சமாதானமாகி, அவரும் தொப்பியைக் கழற்றினார்.

பொன்னுருக்கல் தை பிறந்த கையோடு நடந்து முடிந்துவிட்டது. தை பிறந்தால் வழி பிறக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? சுவிஸ்காரருக்கு அவருடைய பல்கனி இருக்கிறது, மலையைப் பார்க்கட்டும். ஆகவே இனி நான் எழுதினாலும் கலியாணம் நிற்காது. ஆனால் ஏன் எழுதுகிறேன் என்கிறீர்களா? அதைச் சொல்லாவிட்டால் என் மனம் ஆறாது.

அன்று திரும்பி வருகையில் ரயிலில் கூட்டமில்லை. யோகன் ஜன்னலோரம். எதிரே அம்பலவாணர். பக்கத்தில் நான், திரும்பாத கழுத்தோடு. ஸ்டேஷன்கள் கடந்துபோயின. அம்பலவாணர் பெட்டியின் இரு பக்கமும் பார்த்தார், தமிழ் முகம் ஏதாவது இருக்கிறதா என்று. பிறகு மற்றக் கோட்டுப் பைக்குள் மெல்லக் கைவிட்டு, எண்ணெய் ஊறிய பேப்பர் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

“இந்தாரும் மருமகன். பிள்ளைக்குச் சொல்லிப்போடாதையும்.”

மருமகன்! காலை முழுவதும் தம்பி, பெடியன், ‘இவன்’. இப்போது மருமகன். யோகனின் கண் கலங்கிவிட்டது. வெங்காயம் எதுவும் அருகில் இல்லை. மாமனும் மருமகனும் திருவெம்பாவைக் காலத்தில், தலைக்கு ஒன்றாக, ஆட்டிறைச்சி ரோல்ஸைக் கடித்துச் சாப்பிட்டார்கள். அதைவிடப் பெரிய நிச்சயதார்த்தத்தை நான் கண்டதில்லை. எனக்கே நெஞ்சு நிறைந்தது.

ஆனால் வயிறு? பொட்டலத்தில் இருந்தது இரண்டே இரண்டு. சாட்சிக்காரனிடம் ஒரு பேச்சுக்குக்கூட ‘பாதி வேணுமோ’ என்று யாரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால், இந்த வாரம் நான் வேறு எதையாவது எழுதியிருப்பேன்.